'வாடை'யின் ஆசிரியர் தேன்மொழி

செவ்வாய்க்கிழமை காலை நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தேன்மொழியின் தம்பி குமாரின் அழைப்பு வந்தது. "அக்கா போய்ட்டாங்க சார்" என்றார். எங்கே என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். மீன் ஏலத்தில் நின்றிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். பொன்னேரி மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஓவியர் தேன்மொழிக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. முந்தைய நாள் மாலைதான் என்னோடு பேசிச் சிரித்தார்.

கோட்டைக்குப்பத்து மீனவர் வீட்டுப் பெண் அவர். சென்னை ஓவியக் கல்லூரியில் நாங்கள் ஒரே வகுப்பு. அங்கே நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையின் மறுபதிப்பு கிடைத்தது. நூறாண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் சில இளைஞர்கள் நடத்தியது. எழுத்துகள் சாய்ந்தும் கவிழ்ந்தும் கிடக்கும். படங்கள் எதைப் போலவும் இருக்காது. சில இதழ்களோடு நின்றுவிட்டது. "பாவம், தோத்துட்டாங்க" என்றேன். "நின்னு போச்சுனு சொல்லு. தோத்துச்சுனு யாரு சொன்னது?" என்றார் தேன்மொழி.

ஊர் திரும்பியதும் 'வாடை' என்று ஓர் ஓவியப் பத்திரிகையைத் தொடங்கினார். லினோ என்னும் மென்தகட்டில் படம் செதுக்கி, மை தடவி, கையாலேயே அச்சிட்டார். எழுத்து வேலை என்னுடையது. முதல் இரண்டு இதழ்களையும் ஊரார் சிரித்துக்கொண்டே புரட்டினார்கள். மூன்றாவதன் மாதிரித் தாளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பக்கம் முழுக்கக் கறுப்புக் கன்டெய்னர்கள். இடுக்கில் நூலளவு கடல்.

"இன்னாமா இது, கடலைப் பொட்டில வச்சுப் பூட்டிட்டியா?" என்றார் அவருடைய நைனா.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை பார்த்த இளைஞர்கள் கொதித்துப்போனார்கள். தம்பி குமாரும் அவர்களில் ஒருவர். "எங்க சோத்துல மண்ணு போடறியாக்கா? கிழிச்சிடு அதை" என்றார்.

தேன்மொழி கிழிக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக்கான வெற்றுத் தாளைத் தம்பியிடம் நீட்டினார். "இது என் பக்கம். அது உன் பக்கம், நீ வரை."

குமார் தாளை வாங்கிக்கொண்டு போனார். சில நாள் கழித்து அதைக் கொண்டுவந்து அக்கா முன் வைத்தார். துறைமுக அடையாள அட்டையை வரைந்திருந்தார். முகம் இருக்க வேண்டிய சதுரத்தில் ஒரு மீன். இருவரும் அழுதுவிட்டார்கள். இரண்டு பக்கங்களும் எதிரெதிரே அச்சாயின. அதற்குப் பின் 'வாடை' வரவில்லை. அவரவர் வேலை எங்களை இழுத்துக்கொண்டது. பத்திரிகை முடிந்த கதை என்றே இருந்தேன்.

அந்தச் செவ்வாயன்று அவரைக் குளிப்பாட்டிய பெண்கள் விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்களாம். நகக்கண்ணெல்லாம் புது அச்சு மை. எண்ணெய் கேட்டார்கள். அவருடைய அம்மா தடுத்துவிட்டார். "வுட்ருங்க. வேலை பாதில நிக்குது."

என்ன படம் என்று கேட்கக் கைப்பேசியை எடுத்து, தேன்மொழியின் எண்ணைத் தேடினேன். அதற்குள் வெளியே பாடையைத் தூக்கிவிட்டார்கள்.

போய் வாருங்கள், ஆசிரியரே.