தாராவுக்கு ஒரு குழல், கௌதாரிக்கு ஒரு குழல்

எங்கள் குடும்பத்தில் பொருள் ஒருவர் பேரில் இருக்கும், அதைப் பயன்படுத்துகிறவர் வேறொருவராக இருப்பார். அப்பாவின் பேரில் உள்ள ஸ்கூட்டரைச் சித்தப்பா ஓட்டுகிறார். சித்தியின் பேரில் உள்ள கேஸ் இணைப்பில் எங்கள் அடுப்பு எரிகிறது. அப்பா மைன்ஸில் பர்மனென்ட் என்பதால் குவார்ட்டர்ஸ் அவர் பேரில். அதன் பின்னறையில் யார் யாரோ உறவுக்காரர்கள், கான்ட்ராக்ட் வேலை கிடைக்கும் வரை தங்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். "பேருக்குத்தானே" என்று சொல்லிவிட்டால் எங்கள் பிளாக்கில் எந்த வாக்குவாதமும் முடிந்துவிடும். ஒரு துப்பாக்கியையும் அந்த வரிசையில் சேர்ப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நான் மெக்கானிக்கல் படித்தவள். அனல்மின் நிலையத்தில் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்காக டர்பைன்களின் அதிர்வை அளக்கிறேன். கல்லூரியில் என்.சி.சி.யில் ரைபிள் பிடித்தேன். அதன் பிறகு திருச்சியில் ஒரு கிளப்பில் சேர்ந்து பறக்கும் மண் தட்டுகளைச் சுடப் பழகினேன். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தட்டு முன்னாலிருந்து கிளம்பி நம்மைவிட்டு விலகி ஓடும். மற்றதில் இரு பக்கங்களிலிருந்தும் குறுக்கே பறக்கும். எனக்கு இரண்டும் பிடிக்கும், இரண்டிலும் போட்டிக்குப் போக வேண்டும்.

கிளப் துப்பாக்கியின் கட்டை ஆண்களின் கை நீளத்துக்குச் செய்தது. தோளில் சரியாகப் பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் கன்னத்தில் இடிக்கும். ஞாயிறு மாலை நீலம் பாய்ந்த கன்னத்தோடு பஸ்ஸில் இறங்குவேன். "அடிச்சவன் யாருன்னு சொல்லு, நாங்க கேக்கறோம்" என்று எதிர்வீட்டு அக்கா வாசலிலேயே மறிப்பார். அம்மாவுக்கு அது சிரிப்பாக இல்லை. "பொண்ணு பாக்க வர்றவங்க இன்னாடி நெனைப்பாங்க?"

சொந்தத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கேட்டு மனு கொடுத்தேன். அப்பாவுக்கு எந்த வாரமும் ஏதாவது ஒரு ஷிப்ட். அதனால் கூட அலைந்தவர் குள்ளஞ்சாவடி மாமா, அம்மாவின் அண்ணன். முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், வாய்ப் பேச்சில் வல்லவர். போலீஸ் விசாரணை, தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று எல்லா பெஞ்சிலும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "நம்ம பாப்பா ஒலிம்பிக்ஸ் போவப்போவுது சார்" என்று ஸ்டேஷன் ரைட்டரிடம் சொன்னார். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. லைசென்ஸ் வந்த அன்று நான் முதலில் கூப்பிட்டது அவரைத்தான்.

லைசென்ஸில் ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் அனுமதி. குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கி அதன் எண்ணை அதில் பதிய வேண்டும். பிறகு மனம் மாறினால் மறுபடியும் அத்தனை பெஞ்சுகள். ஆகவே இரண்டு ஆட்டத்துக்கும் பொருந்துகிற ஒன்றாக வாங்க வேண்டும். எனக்குத் தேவையானவற்றை முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன். குழலின் அளவு பன்னிரண்டு போர். ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரட்டைக் குழல், நீளமாக. குழலின் நுனியில் கழற்றி மாட்டக்கூடிய சோக். அதை இறுக்கினால் ரவை தொலைவு வரை சிதறாமல் போகும், தளர்த்தினால் கிட்டத்திலேயே விரியும். நல்ல எடை, ஏனென்றால் கனமான துப்பாக்கிதான் உதையை விழுங்கும். கடைசியாக, என் கைக்குக் குறைத்த கட்டை. இதில் மற்றதெல்லாம் கொஞ்சம் முன்பின் இருக்கலாம், கட்டை மட்டும் கூடாது.

சென்னைக் கடைக்கு மாமாவின் காரில் போனோம். நான் கவுண்டரில் லைசென்ஸை வைத்தேன். கடைக்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மாமாவிடம் கேட்டார்.

"என்ன மாதிரி பாக்கறீங்க சார்?"

"லைசென்ஸ் என்னோடது" என்றேன்.

"தெரியுது மேடம். உக்காருங்க, கூல் டிரிங்க்ஸ் சொல்றேன்."

மாமா தயாராக வந்திருந்தார். பக்கத்துப் பக்கமாகக் குழல் வைத்த ரெட்டைக் குழல்தான் வேண்டும், ஒரு குழல் இறுக்கமாக, ஒன்று தளர்வாக. எடை குறைவாக. உலோகம் பளபளக்கக் கூடாது. தோளில் மாட்ட வார் வேண்டும்.

நான் குறுக்கிட்டேன். "மாமா, போட்டிக்கு வார் எதுக்கு? எடை கம்மியா இருந்தா எனக்குத்தான் உதைக்கும்."

"நீ சும்மா இரு பாப்பா. எல்லாத்துக்கும் சேத்து ஒண்ணே ஒண்ணு வாங்கறோம், பாத்து வாங்க வேணாமா?"

"எல்லாத்துக்கும்னா?" என்று கேட்டது கடைக்காரர். நான் கேட்டிருக்க வேண்டியது.

மாமா குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. "மைன்ஸ் தண்ணி வந்து ஏரில தேங்குது பாருங்க, அங்க மார்கழில தாரா எறங்கும். தண்ணிப் பறவ தூரத்துலயே எழும்பிடும், அதுக்கு இறுக்கமான குழல். வளையமாதேவிப் பக்கம் மைன்ஸ்காரன் நெலத்த எடுத்து வெட்டாம போட்டுகினு இருக்கான், பொதரெல்லாம் கௌதாரி. அது காலுக்கடில இருந்து பறக்கும், அதுக்குத் தளர்வான குழல். நடந்துகினே இருக்கணும், கனமா இருந்தா தோள் போயிடும்."

"கரெக்ட் சார். ரெண்டுக்கும் சைட் பை சைடுதான் பெஸ்ட்" என்றார் கடைக்காரர்.

பறவை சுடுவது குற்றம் என்பது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். இரண்டு பேர் அதை மழை வருமா என்பதுபோலப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் காது சூடேறியது. மாமா சொன்னதில் தொழில்நுட்பமாக எந்தத் தவறும் இல்லை என்பதுதான் கோபத்தை இன்னும் கூட்டியது. விலகி ஓடும் தட்டு கௌதாரி, குறுக்கே போகும் தட்டு தாரா. என் ஆட்டமே அங்கிருந்து வந்ததுதான். நான் வாரக்கணக்கில் யோசித்த அதே கேள்வியை அவரும் யோசித்திருக்கிறார், என் லைசென்ஸை வைத்து.

"மாமா, துப்பாக்கி எங்க இருக்கப்போவுது?" என்று கேட்டேன்.

"நம்ம வூட்லதான். குவார்ட்டர்ஸ் கதவு ஒரு ஒதைக்குத் தாங்காது. நான் இரும்பு பீரோவே வச்சிகினு இருக்கேன். உனக்குப் போட்டின்னா வந்து எடுத்துகினு போ."

"நான் வந்து உங்களக் கேட்டு வாங்கணுமா?"

"இன்னா பாப்பா பிரிச்சிப் பேசற? பேரு உன் பேர்லதான இருக்கப்போவுது. எவன் வந்து கேக்கப்போறான்?"

"என் பேர்ல இருக்கறதாலதான் மாமா, என்னை வந்து கேப்பாங்க. ஒரு தாரா விழுந்தா ஜெயிலுக்குப் போறது நான். வேலை போறது எனக்கு."

"அபசகுனமா பேசாத."

நான் கத்தவில்லை. கத்தினால் 'பொண்ணு டென்ஷனாயிடுச்சு' என்று இருவரும் சேர்ந்து சிரிப்பார்கள் என்று தெரியும். லைசென்ஸை கவுண்டரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். மேல்கீழ்க் குழல் துப்பாக்கிகளைக் காட்டச் சொன்னேன். கடைக்காரர் மாமாவைப் பார்த்தார். "என்னைப் பாருங்க. அவர் பேர்ல பில் போட முடியாது" என்றேன். அதன் பிறகுதான் அவர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

மூன்றாவதாக எடுத்த துப்பாக்கி, நான் தேடியது. கனமானது. பக்கங்களில் வெள்ளி போல மின்னியது. வார் மாட்ட வளையம் இல்லை. கண்ணை மூடி, தோளுக்கு ஏற்றி, கண்ணைத் திறந்தேன்; கட்டை மட்டும் நீளம். கடையின் தச்சர் அளவெடுத்துக் குறித்துக்கொண்டார். குறைத்தபின் துப்பாக்கியை நேராகத் திருச்சி கிளப்பின் பாதுகாப்பு அறையில் வைக்க ஏற்பாடு செய்தேன்.

மாமா அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தார். "இத்தத் தூக்கிகினு எவன் ஏரிக்கரைல நடப்பான்? இந்தப் பளபளப்புக்கு ஒரு பறவ கிட்ட வராது."

"வர வேணாம் மாமா."

வீட்டில் அம்மா அழுதாள். "அண்ணன் இல்லாட்டி உனக்கு லைசென்ஸே வந்திருக்காது. வருஷத்துல ஒரு நாள் குடுத்தா தேய்ஞ்சா போயிடும்?" அப்பா பி-ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டை மாட்டியபடி, "சொந்தத்துக்குள்ள சட்டம் பேசாதம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவர்களுக்கு நான் செய்தது நன்றிகெட்டத்தனம். யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் குள்ளஞ்சாவடி போகாமல் இருக்க முடியாது. பூசை முடிந்து எல்லோரும் மாமா வீட்டில் இருந்தோம். அவர் என்னிடம் 'சாப்பிடு' என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. அத்தை பலகாரம் எடுக்க அந்த இரும்பு பீரோவைத் திறந்தார். மேல்தட்டில் அதிரசம், கீழே முறுக்கு டின். ஓரத்தில் நெட்டுக்குத்தாக ஒரு மரத் தாங்கி, கீழே கட்டை உட்காரும் பள்ளம், மேலே இரண்டு குழல்கள் பக்கத்துப் பக்கமாகச் சாய அரைவட்டமாக வெட்டிய இடம். பச்சை வெல்வெட்கூட ஒட்டியிருந்தது.

"நல்லா செஞ்சிருக்காங்க அத்தை" என்றேன்.

"எங்க, எடத்த அடைச்சிகினு நிக்குது. நீ லைசென்ஸுக்கு மனு குடுத்த இல்ல, அந்த வாரமே ஆசாரிய வரவச்சி செஞ்சாரு."

அந்த வாரமே. முதல் பெஞ்சில் உட்காருவதற்கு முன்பே. ஸ்டேஷன் ரைட்டரிடம் ஒலிம்பிக்ஸ் என்று சொல்வதற்கு முன்பே.

அத்தை முறுக்கு டின்னை நீட்டினார். வேண்டாம் என்றேன். கூடத்தில் மாமா யாரிடமோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பீரோவை நானே சாத்தினேன், தேவைக்குக் கொஞ்சம் அதிகமான வேகத்தோடு. சிரிப்பு நின்றது.