கால் டேங்க் பெட்ரோல்

ஒலி முகம்மதுவைச் சிறந்த மெக்கானிக் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சிங்கப்பூரின் காக்கி புக்கிட் பட்டறைகளில் அவரைவிட வேகமாக வேலை முடிப்பவர்கள் பலர் உண்டு. ஐம்பத்திரண்டு வயதாகிறது. ஃபேரர் பார்க்கில் வீடு. "ஓகே லா" என்று மட்டும் அவர் எளிதில் சொல்லிவிடமாட்டார். ஜெரார்டிடம் ஒருமுறை சொன்னார், அது பொய்யாகிவிட்டது.

ஜெரார்டுக்குத் தேக்காவில் மூக்குக்கண்ணாடிக் கடை. ஜூலை மாதம் பிறந்தால் மனைவி கேட்லினையும் மாமியாரையும் தன் பழைய டர்போ காரில் ஏற்றிக்கொண்டு, மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் நடக்கும் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போவார். போன வருடம் கிளம்புவதற்கு முன் ஒலி முகம்மது பெரிய பெட்ரோல் பம்பு ஒன்றைப் போட்டு, ஓட்டிப் பார்த்து, ஓகே சொல்லி அனுப்பினார். சிரம்பான் தாண்டி ஒரு ஏற்றத்து வளைவில் லாரியை முந்தும்போது எஞ்சின் திணறியது. பின்னால் வந்த பஸ் அலறிக்கொண்டு விலகிப் போனது.

"இந்த வருஷம் நானும் அம்மாவும் பஸ்லதான் போவோம். பாய் என்ன சொன்னாலும் சரி," என்று கேட்லின் சொல்லிவிட்டாள்.

பயணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ஜெரார்ட் பட்டறைக்கு வந்து கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார். "பாய், இதே மாதிரி ரெண்டு பெரிய பம்பு போட்டுடலாம்."

"அவன் ரேஸ் ஓட்றான். நீங்க மாமியாரை ஏத்திக்கிட்டுப் போறீங்க."

"ரேஸே தேவலாம் பாய்."

ஒலி முகம்மது சிரிக்கவில்லை. "போன வருஷம் திணறினப்போ மீட்டர்ல எவ்வளவு இருந்துச்சு?"

"கால் டேங்க் இருக்கும். அடுத்த ஸ்டேஷன்ல அடிக்கலாம்னு இருந்தேன்."

அவர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். முக்கால் டேங்க் பெட்ரோல் இல்லாமல் சிங்கப்பூர் வண்டி எல்லையைத் தாண்ட முடியாது. அதனால் மலேசியா போகிறவர்கள் டேங்கை நிரப்பிக்கொண்டுதான் பட்டறைக்கு வருவார்கள். இருபது வருடமாக அவர் அப்படி நிரம்பிய வண்டிகளையே ஓட்டிப் பார்த்து ஓகே சொல்லியிருக்கிறார். சட்டம் கேட்ட அளவில் சோதித்தார், பயணம் கேட்கும் அளவில் சோதிக்கவில்லை.

"பெட்ரோலை இறக்கணும்."

"பாய்! இப்பத்தான் ஃபுல் டேங்க் அடிச்சேன்!"

"அதான் தப்பு. உங்க தப்பு இல்ல, என் தப்பு."

கால் டேங்க் மட்டும் வைத்துக்கொண்டு, பெட்ரோல் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பொருத்தி, துவாஸ் பக்கம் ஓட்டிப் போனார்கள். நேர்ச்சாலையில் முள் அசையவில்லை. வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் சரிந்தது.

"பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்குது, பம்பு காத்தை இழுக்குது. பம்பு எவ்வளவு பெருசா இருந்தா என்ன? டர்போ கேக்கிற நேரத்துல எஞ்சினுக்கு ஒண்ணும் போகல."

பெரிய பம்பைக் கழற்றினார். பெட்ரோல் டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு லிட்டர் பிடிக்கும் சின்ன டேங்க் ஒன்றை வைத்தார். அதை நிரப்பிக்கொண்டே இருக்க ஒரு சின்ன பம்பு, அதிலிருந்து எஞ்சினுக்கு இழுக்க அளவான இன்னொரு பம்பு. பெரிய டேங்கில் பெட்ரோல் எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் சின்ன டேங்க் நிறைந்தே இருக்கும். பம்புக்கு மின்சாரம் போகும் பழைய மெல்லிய ஒயரையும் மாற்றினார். இதற்கே மூன்று நாள் ஆயிற்று. வேகமானவர்கள் ஒரே நாளில் முடித்திருப்பார்கள்.

வண்டியை எடுக்க கேட்லினும் வந்தாள். "இப்பவாவது ஓகேயா பாய்?"

"நான் சொல்றது வேணாம்மா. ஏறுங்க. கால் டேங்க்தான் இருக்கு."

அவள் முன்சீட்டில் உட்கார்ந்து அழுத்த மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டாள். அதே வளைவில் அவர் மிதித்தார். முள் நின்ற இடத்திலேயே நின்றது. "இன்னொரு தடவை," என்றாள். மூன்று முறை போய் வந்தார்கள்.

திரும்பி வந்து இறங்கியதும் கணவனைப் பார்த்துச் சொன்னாள். "போற வழியில ஃபுல் டேங்க் அடிச்சிடுங்க. அம்மாகிட்ட பஸ் வேணாம்னு நான் சொல்லிக்கிறேன்."