பஸ் ஏறிப் போன முதலாம் தரம்

புதிய வருஷத்தின் முதல் பாடசாலை நாள். அலுவலகத்தில் தேத்தண்ணீரை ஒரு வாய் குடிப்பதற்குள் நஸீர் சேரின் போன் வந்தது.

“மிஸ், ஒருக்கா வந்துட்டுப் போங்க. கேட்ட மூடவும் ஏலாம இரிக்கி, தொறக்கவும் ஏலாம இரிக்கி.”

நஸீர் சேர் அம்பிட்டியப் பக்கம் ஒரு சிறிய தமிழ்மொழிப் பாடசாலையின் அதிபர். நான் அப்போது வலயக் கல்விப் பணிமனையில் திட்டமிடலுக்குப் பொறுப்பாக இருந்தேன். அடுத்த வருஷம் எந்தப் பாடசாலைக்கு எத்தனை பிள்ளைகள் வருவார்கள், எத்தனை வகுப்பு வேண்டும், எத்தனை ஆசிரியர் வேண்டும், கட்டடம் எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. அதிபர்மார் என்னை ‘பிளானிங் மிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பிளானிங் சரியாக நடந்திருந்தால் கூப்பிடவே மாட்டார்கள். ஆகவே எனக்கு வரும் போன் எல்லாம் இப்படித்தான் இருக்கும்.

போய்ப் பார்த்தேன். முதலாம் தரத்துக்கு ஒரே ஒரு வகுப்பு. அதற்குள் ஒரு கதிரையில் இரண்டு பிள்ளைகள். யன்னல் ஓரத்தில் பாய் விரித்து இன்னும் சில பிள்ளைகள். இவர்கள் எல்லாம் இடம் கிடைத்த அதிர்ஷ்டசாலிகள். இடம் கிடைக்காதவர்கள் வெள்ளை உடுப்பும் புதுச் சப்பாத்துமாகத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

அந்தக் கூட்டத்தில் முன்னுக்கு நின்றவள் சாந்தி. என்னைக் கண்டதும் மகளையும் இழுத்துக்கொண்டு வந்தாள்.

“நீங்கதான் ஆபீஸ்ல இருந்து வந்திருக்கீங்களா மிஸ்? அந்தா தெரியுது பாருங்க, நீலத் தகரம் போட்ட வீடு, அதுலதான் நாங்க இருக்கோம். எம்புள்ள இங்க நின்னு கூப்பிட்டா எனக்கு அங்க கேக்கும். இந்த ஸ்கூல்ல எங்களுக்கு எடம் இல்லேன்னா வேற எங்க மிஸ் எடம்?”

அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அனுமதி விதியின்படி அவள் அந்த வீட்டில் இல்லை. அவளும் புருஷனும் கலஹாப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். புருஷனுக்குக் கண்டி டவுனில் ஹாட்வெயார் கடையில் வேலை கிடைத்ததும் இறங்கி வந்து வாடகை அறை எடுத்தார்கள். சாந்தி பக்கத்தில் ஒரு தையல் நிலையத்தில் வேலை செய்தாள். வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதிக் கொடுக்க மாட்டார், எழுதினால் வருமான வரிக்காரன் வருவான் என்று பயம். கரண்ட் பில், தண்ணீர் பில் எல்லாம் அவர் பெயரில். வாக்காளர் இடாப்பில் இவர்கள் பெயர் இன்னும் தோட்டத்திலேயே கிடந்தது. கிராம உத்தியோகத்தரிடம் போனால், “இடாப்பில பேர் இல்லாதவங்களுக்கு நான் எப்படி இங்க இருக்காங்கன்னு கடிதம் கொடுக்கிறது?” என்று அவர் கேட்டார். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத விஷயமே அதுதான். ஆளாளுக்கு ஒரு நியாயம் வைத்திருப்பார்கள், பிள்ளை மட்டும் கேட்டுக்கு வெளியே நிற்கும்.

“ரெண்டாவது வகுப்பு ஒண்டு தந்தா எல்லாரையும் உள்ளுக்கு எடுத்துடுவேன் மிஸ்” என்றார் நஸீர் சேர். “ஆனா அதுக்கு ஒரு டீச்சர் வேணுமே. இரிக்கிறவங்களே காணாது.”

நான் அலுவலகத்துக்குத் திரும்பினேன்.

பணிப்பாளரின் வரைபடம்

அந்த வருஷம் எங்கள் வலயத்தின் தமிழ்மொழிப் பாடசாலைகளுக்கு ஒரே ஒரு வகுப்பறைக் கட்டடம் கிடைத்திருந்தது. அதை எங்கே போடுவது என்று முடிவெடுக்கக் கூட்டம் வைத்தார் எங்கள் வலயக் கல்விப் பணிப்பாளர். யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டிக்காரர், நேர்மையானவர், வேலை முடியாமல் வீட்டுக்குப் போக மாட்டார். அவரோடு எனக்கிருந்த பிரச்சினை ஒன்றே ஒன்றுதான்: கணினித் திரையில் தெரிவதை மட்டும்தான் நம்புவார்.

“பாருங்கோ மிஸ்,” என்று வரைபடத்தில் கடும் சிவப்பாக இருந்த ஓர் இடத்தைக் காட்டினார். “பிறப்புப் பதிவு இந்தப் பிரிவிலைதான் ஆகக் கூட. இந்தப் பிள்ளையள் எல்லாம் அஞ்சு வயசிலை பள்ளிக்கூடத்துக்கு வருவினம். கட்டடம் இங்கைதான் போகவேணும்.”

“சேர், அந்தப் பிரிவுக்குள்ளதான் பெரிய ஆஸ்பத்திரி இருக்கு.”

“ஓம், அதுக்கென்ன?”

“ஆஸ்பத்திரியில பிறக்கிற பிள்ளையை அந்த இடத்துலதான் பதியிறாங்க. தாய் அடுத்த நாளோ அதுக்கு அடுத்த நாளோ துண்டு வெட்டி, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போயிடுவா. கலஹாவுக்குப் போவா, அம்பிட்டியவுக்குப் போவா, மஹய்யாவவுக்குப் போவா. அந்தச் சிவப்புல நீங்க பாக்கிறது பிள்ளைகள் இல்ல சேர், ஆஸ்பத்திரிக் கட்டில்கள்.”

மேசையின் அந்தப் பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். பணிப்பாளர் சிரிக்கவில்லை.

“நீங்கள் சொல்லுறது சரியா இருக்கலாம். ஆனா மாகாணத் திணைக்களம் கேக்கிறது பதிஞ்ச தரவு. உங்கடை வாய்க்கதையை நான் எப்பிடி அனுப்புறது?”

“அப்ப இன்னொண்டையும் பாருங்க சேர். போன முறை இதே மாதிரி தரவை வச்சித்தானே கலஹாவுல அந்த மாடிக் கட்டடத்தைக் கட்டினோம்? தோட்டத்துல வாக்கு இருக்கு, ஆள் இருக்குன்னு சொன்னாங்க. ஆள் எல்லாம் இறங்கி வந்து இங்க வாடகைக்கு இருக்கு.”

“அது போன பணிப்பாளற்றை காலம்.”

கட்டடம் சிவப்பு நிறத்துக்கே போனது. மாதம் முடிவதற்குள் டெண்டர் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஒதுக்கீடு திரும்பிப் போய்விடும், யோசிக்க நேரம் இல்லை என்றார்கள். யோசிக்க நேரம் இல்லாத இடத்துக்கு எதற்குத் திட்டமிடல் பிரிவு என்று நான் கேட்டேன். கூட்டக் குறிப்பில் அது பதியப்படவில்லை.

எதிர்த் திசையில் போன பஸ்

அதற்குப் பிறகு ஒரு நாள் காலை, கலஹாவில் தோட்டப் பாடசாலையின் அந்த மாடிக் கட்டடத்தைப் பார்வையிடப் போக வேண்டியிருந்தது. அலுவலக வாகனம் கராஜில். கண்டியில் பஸ் ஏறினேன். காலை நேரத்தில் கலஹாவிலிருந்து டவுனுக்கு வரும் பஸ்களில்தான் ஆட்கள் மிதிபலகையில் தொங்குவார்கள். டவுனிலிருந்து அங்கே போகிற பஸ் காலியாக இருக்க வேண்டும். அன்று அப்படி இல்லை. அங்கும் இங்குமாக வெள்ளை உடுப்புப் போட்ட சின்னப் பிள்ளைகள், பக்கத்தில் தாய்மார். நடுவில் சாந்தி.

“என்ன சாந்தி, இந்தப் பக்கம்?”

“என்ன மிஸ் செய்றது? புள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பாம இருக்க முடியுமா? அங்க தோட்டத்து ஸ்கூல்ல, வாக்கு இங்கதானே இருக்குன்னு ஒடனே சேத்துக்கிட்டாங்க. லயத்து வீடுகள்ல எங்க ஆளுங்க யாரும் இல்ல, எல்லாரும் எறங்கிட்டாங்க. அதனால ஸ்கூல் விடுற வரைக்கும் கேட்டுக்கிட்டயே ஒக்காந்திருந்து கூட்டிக்கிட்டு வாரேன்.”

“தையல் வேலை?”

“அது போயிருச்சி மிஸ்” என்றாள், வெளியே பார்த்துக்கொண்டு.

எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பி, “குட் மோர்னிங் மிஸ்” என்றாள். விஜயராணி டீச்சர். அதே தோட்டப் பாடசாலையில் முதலாம் தரம் படிப்பிப்பவள். அவள் வீடு எங்கே என்று கேட்டேன்.

“அம்பிட்டிய மிஸ். நஸீர் சேர்ட ஸ்கூலத் தாண்டித்தான் டவுனுக்கு வாரேன்.”

டீச்சர் அம்பிட்டியவில் இருக்கிறாள், பிள்ளைகள் அம்பிட்டியவில் இருக்கிறார்கள். இரண்டு தரப்பும் காலையில் பஸ் ஏறி, பேராதனை தாண்டி, அத்தனை வளைவும் சுற்றி மலைக்குப் போய், அங்கே ஒருவரை ஒருவர் சந்தித்து, பாடம் படித்துவிட்டு, திரும்ப அதே பஸ்ஸில் இறங்குகிறார்கள். இந்த ஏற்பாட்டை எந்த முட்டாள் செய்தான் என்று கேட்டால் பதில் இல்லை. யாரும் செய்யவில்லை. எல்லாரும் விதிப்படி நடந்தோம், அது இப்படி வந்து முடிந்தது.

மாடிக் கட்டடத்தின் மேல்தட்டு பூட்டியிருந்தது. யன்னலால் பார்த்தேன். மேசை கதிரைகள் பொலித்தீன் உறையோடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. கீழ்த்தட்டில் விஜயராணி டீச்சர் முன்னால் டவுன் பிள்ளைகளும், லயங்களில் இருந்து நடந்து வரும் சில பிள்ளைகளும் இருந்தார்கள்.

அடுத்த நாள் பணிப்பாளரின் அறைக்குப் போனேன்.

“சேர், நாளைக்கு என்னோட கலஹாவுக்கு வரணும். பஸ்ல.”

“வாகனம் திருத்தியாச்சு மிஸ். அதிலை போவம்.”

“வாகனத்துல போனா கட்டடத்தைத்தான் பாப்பீங்க. கட்டடம் நல்லாத்தான் இருக்கு. பஸ்ல வாங்க சேர்.”

என்ன நினைத்தாரோ, “சரி, வாறன்” என்றார்.

பஸ்ஸில் சாந்தி எழும்பி அவருக்கு இடம் கொடுத்தாள். அவர் மறுத்துவிட்டு, அவளையும் உட்காரச் சொல்லிப் பக்கத்திலேயே ஒதுங்கி உட்கார்ந்தார். மகள் நடுவில். சிரித்த முகத்தோடு அவருடைய பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏற்றம் தொடங்கி இரண்டு மூன்று வளைவு போவதற்குள் பிள்ளையின் முகம் வெளுத்தது. சாந்தி பையைத் தேடுவதற்குள் அவள் பணிப்பாளரின் காற்சட்டை முழுக்க வாந்தி எடுத்துவிட்டாள்.

“ஐயோ சேர், மன்னிச்சிக்குங்க சேர்” என்று சாந்தி சேலைத் தலைப்பால் துடைக்கப் போனாள். அவர் அதைத் தடுத்து, கைலேஞ்சியை எடுத்து முதலில் பிள்ளையின் வாயைத் துடைத்தார்.

“ஒவ்வொரு நாளும் இப்பிடியோ?”

“இல்ல சேர். வெறும் வயித்துல கூட்டிக்கிட்டு வந்தா வாந்தி எடுக்க மாட்டா. அதனால காலையில ஒண்ணும் குடுக்கிறதில்ல. இன்னிக்குப் பசிக்குது பசிக்குதுன்னு அழுதா. பாண் ஒரு துண்டு குடுத்துட்டேன். என் பிழைதான் சேர்.”

 

திறந்ததும் மூடியதும்

அந்த வாரமே கடிதம் எழுதினேன், அவர் கையொப்பம் வைத்தார். நஸீர் சேரின் பாடசாலையில் முதலாம் தரத்துக்கு இரண்டாவது வகுப்பு. விஜயராணி டீச்சர் தற்காலிகமாக அங்கே இணைப்பு. இருப்பிடச் சான்றுக்குப் பதிலாக அதிபரும் கிராம உத்தியோகத்தரும் வீட்டுக்குப் போய்ப் பார்த்து உறுதிப்படுத்தினால் போதும். மண்டபத்தின் ஒரு மூலையைப் பலகையால் மறைத்து வகுப்பு ஆக்கினார்கள். மேசை கதிரை இல்லை. கலஹாவில் பொலித்தீனோடு கிடப்பதைக் கொண்டு வரலாமா என்று கேட்டேன். அது அந்தப் பாடசாலையின் பொருட்பதிவில் இருக்கிறது, எடுப்பதற்குப் பொருட்கணக்குச் சபை கூட வேண்டும் என்றார்கள். சபை எப்போது கூடும்? வருஷக் கடைசியில். நஸீர் சேர் பள்ளிவாசலில் கேட்டு பிளாஸ்டிக் கதிரைகள் கொண்டுவந்தார். கேட்டுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் எல்லாரும் உள்ளே போனார்கள்.

எல்லாரும் எனக்குப் பாராட்டுச் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷப்பட ஒரு வாரம் கூடக் கிடைக்கவில்லை. தோட்டப் பாடசாலையின் அதிபர் சிவலிங்கம் சேர் போன் எடுத்தார்.

“டீச்சரக் கூட்டிக்கிட்டுப் போயிட்டீங்க மிஸ். பஸ்ல வந்த புள்ளைங்களும் போயிட்டாங்க, நல்லதுதான், அதுக பட்ட பாட்ட நான் பாத்தேன். ஆனா லயத்துலேர்ந்து நடந்து வர்ற புள்ளைங்க இன்னமும் வந்துக்கிட்டுத்தானே இருக்காங்க? அவங்களுக்கு யாரு? நான் ஆபீஸ் வேலையப் பாக்குறதா, ‘அ’னா எழுதிக் குடுக்கிறதா?”

அதே கடிதத்தின் இரண்டாவது பந்தியில் நான் அவருக்கு ஒரு ஆசிரியர் கேட்டிருந்தேன். மாகாணம் முதலாவது பந்தியை அங்கீகரித்தது. இரண்டாவது பந்திக்கு, பிள்ளைகள் குறைந்துவிட்டதால் விகிதப்படி ஆசிரியர்கள் போதும் என்று பதில் எழுதியது. விகிதம் சரி. பெரிய வகுப்புகளுக்கு விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கிறவர்களை எல்லாம் கூட்டி, பிள்ளைகளால் வகுத்தால் போதும்தான். ஆனால் முதலாம் தரத்தின் முன்னால் நிற்க ஆள் இல்லை.

திங்கட்கிழமைக் கூட்டம் ஒவ்வொன்றிலும் இதைக் கிளப்பினேன். பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார்.

“மிஸ், திரும்பவும் கலஹாவோ?”

“திரும்பவும் கலஹாதான் சேர்.”

இரண்டாம் தவணை முழுக்க சிவலிங்கம் சேரே அந்தப் பிள்ளைகளைத் தன் அறையில் வைத்துப் படிப்பித்தார். மூன்றாம் தவணையில் புதிய நியமனத்தில் ஒரு டீச்சர் வந்தாள். பக்கத்துத் தோட்டத்துப் பெண், நடந்து வரக்கூடிய தூரம்.

இப்போது என் பழைய கதிரையில் இருப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பிள்ளை எங்கே பிறந்தது, தகப்பனின் வாக்கு எங்கே என்பதெல்லாம் கோப்புக்கு வேண்டும், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிள்ளை காலையில் எந்த வீட்டில் எழும்புகிறது என்று போய்ப் பார்க்காமல் ஒரு வகுப்பையும் திட்டமிடாதீர்கள். கூட்டம் சேருகிற இடத்தில் சத்தம் வரும், எல்லாரும் ஓடிப் போவார்கள். கூட்டம் குறைகிற இடத்தில் சத்தமே வராது. அங்கே மிஞ்சியிருக்கும் பிள்ளைக்கும் அதே வயசு, அதே முதலாம் தரம்தான். ஒன்றுக்குக் கொடுக்கும்போது மற்றதில் எடுக்கிறோமா என்று அதே மேசையில், அதே நாளில் பார்த்துவிடுங்கள். பிறகு பார்ப்போம் என்றால் ஒரு தவணை போய்விடும்.

புது டீச்சர் வேலைக்குச் சேர்ந்த அன்று சிவலிங்கம் சேர் போன் எடுத்தார். நன்றி சொல்வார் என்று நினைத்தேன்.

“மிஸ்,” என்றார், “இவங்கள எங்கயும் மாத்திடாதீங்க.”