நடுவில் எதை வைத்தாலும்

லென்ஸ் துடைக்கும் வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். சாப்பாட்டு மேசையில் மைக்ராஸ்கோப்பை வைத்து, மெல்லிய தாளால் பிள்ளையின் முகத்தைத் துடைப்பதுபோல் துடைப்பார். மேசையைத் துடைப்பது மனைவி. அதற்குப் பழந்துணி போதும்.

ஆஸ்பத்திரிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மைக்ராஸ்கோப் விற்பவர். கம்பெனியில் அவருக்கு ‘முடிவிலி’ என்று பெயர். லென்ஸை முன்னிட்டு வைத்த பெயர் என்று அவர் நம்பினார். அவர் பேச்சைக் கேட்டவர்கள் வேறு காரணம் சொன்னார்கள்.

அன்று மனைவியை உட்காரவைத்து மறுநாள் பேச்சை ஒத்திகை பார்த்தார்.

“பழைய மாடல்ல கீழ் லென்ஸே படத்தை உண்டாக்கிடும். நடுவுல ஃபில்டர் ஒண்ணு சொருகினா படம் இடம் மாறும், கலங்கும். இதுல கீழ் லென்ஸ்லேர்ந்து ஒவ்வொரு புள்ளியோட வெளிச்சமும் இணைகோடாப் போகும், முடிவிலி வரைக்கும் எங்கயும் சேராது. மேல இன்னொரு லென்ஸ் இருக்கு, அதுதான் சேர்த்துப் படமாக்கும். அதனால நடுவுல எதை வேணா வைக்கலாம். படம் அசையாது.”

“கேட்டிருக்கேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

குடும்பத்தையும் அவர் இப்படித்தான் நடத்தினார். தங்கை வந்து தங்கினாள். படம் அசையவில்லை என்றார். அசைந்தது மனைவியின் கட்டில்தான். அது கூடத்துக்கு வந்துவிட்டது. பின்னறையும் அதிலிருந்த தையல் மெஷினும் மட்டும் அவளுக்கென்று மிஞ்சின.

“அடுத்த வாரம் அண்ணன் வர்றார். பின் ரூமை ஒழிச்சுக் கொடுத்துடு. கொஞ்ச நாள்தான்.”

“உங்க தங்கச்சியும் கொஞ்ச நாள்னுதான் வந்தா.”

“அதனால நமக்குள்ள என்ன ஆயிடுச்சு?”

அவள் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தாள். “அந்த நடு இடத்தை நீட்டிக்கிட்டே போனா?”

தொழில் கேள்வி என்றதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஓரத்துப் புள்ளிகளோட வெளிச்சம் சாய்வாத்தானே போகும்? ரொம்ப நீட்டினா மேல் லென்ஸ்ல படாம வெளியே போயிடும். படத்தோட ஓரம் இருட்டாகும். படத்து நடுவுல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது.”

“ஓரத்துல இருக்கறதுக்கு?”

“அதை நாங்க வாங்க வர்றவங்ககிட்ட சொல்றதில்ல.”

“நான் வாங்க வரலையே. தையல் மெஷினை எங்க வைக்கட்டும்?”

அவர் மைக்ராஸ்கோப்பைப் பெட்டிக்குள் இறக்கினார். இரண்டு கொக்கிகளையும் மாட்டி, சரியாக மாட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறையை விட்டுப் போனார்.