எத்தனையாவது உம்?

இன்று கம்ப்யூட்டர் வகுப்பு மைதானத்தில் நடந்தது.

பள்ளியில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். செய்தியைப் பிழையில்லாமல் முதலில் சேர்க்கும் அணிதான் அதைத் தொடலாம் என்றார் மிஸ்.

நாங்களே கம்ப்யூட்டர்கள். சீட்டுக்கு ஒரு சொல்லாக நான் எழுதிக் கொடுக்க, கலைச்செல்வி ஓடிப்போய் மறுகோடியில் நிற்கும் ஸ்டெல்லாவிடம் சேர்க்க வேண்டும். கிடைத்ததும் ஸ்டெல்லா, கதை கேட்பவளைப் போல "உம்" என்று கத்துவாள். அதன் பிறகே அடுத்த சீட்டு.

கடைசிச் சீட்டுக்கும் "உம்" கேட்டது. கையைத் தூக்கிவிட்டேன்.

ஸ்டெல்லா படித்தாள்: "நாளை கணக்குப் பரீட்சை."

வகுப்பே முனகியது. "இல்லை" என்ற சீட்டு கலைச்செல்வியின் கையிலேயே இருந்தது. அவள் நடு மைதானத்தில் உட்கார்ந்து காலில் குத்திய முள்ளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அப்போ யாருக்குடி உம் கொட்டின?" என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"பக்கத்துல நின்ன மேரி, அவுங்க வூட்டு ஆடு காணாப்போன கதைய சொல்லிக்கினு இருந்தா. அதுக்குக் கொட்டினேன். கத்தியே பழக்கமாப் போச்சி."

எதிரணியும் சீட்டுகளை முன்பின்னாக அடுக்கியிருந்ததால் மிஸ் இன்னொரு ஆட்டம் தந்தார். இந்த முறை சீட்டுக்கும் எண், உம்முக்கும் எண். அந்தத் தைரியத்தில் இரண்டிரண்டு சீட்டாகக் கொடுத்தேன். பாதி ஓட்டத்தில் முடிந்தது. மூவரும் எங்கள் பெயர்களைக் கம்ப்யூட்டரில் அடித்தோம்.

மாலை ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் கலைச்செல்வி முள் கதையை விடாமல் சொன்னாள். ஜன்னலைப் பார்த்தபடி "உம்" என்றேன்.

"எத்தினியாவது உம்முடி?" என்றாள்.

இதை நாளை வகுப்புப் பலகையில் குத்திவைப்பேன். படித்தவர்கள் கீழே பென்சிலால் "உம்" போடுங்கள், எண்ணோடு.