அமுங்கிப்போன வளையம்

சோபாவுக்கும் நாற்காலிக்கும் மெத்தை தைப்பவள் அவள். கடைத்தெருவில் ‘ஸ்பாஞ்ச் அக்கா’ என்றால்தான் யாருக்கும் தெரியும். மகளின் பள்ளி ரோபோ குழுவுக்குப் பழகிப் பார்க்க ஸ்பாஞ்ச் வளையங்கள் தேவைப்பட்டன. ரோபோ அவற்றை இடுக்கியால் கவ்விக் கம்பத்தில் மாட்ட வேண்டும், அதுதான் போட்டி. கம்பெனி வளையமோ யானை விலை. மகள் கொண்டுவந்த ஒரே ஒரு பழைய வளையத்தை அளந்து, மெத்தை வெட்டி மிஞ்சிய துண்டுகளில் இருபது செய்து கொடுத்தாள். சேதி பரவி, மலிவு என்று இன்னும் ஏழு பள்ளிகள் வாங்கின. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை.

போட்டி நாள் காலை. களத்தருகே மேசையில் ஆட்டத்துக்கென்று புத்தம்புது கம்பெனி வளையங்கள். அவள் கை சும்மா இருக்குமா? ஒன்றை எடுத்து அமுக்கினாள், கைக்குத் தடிப்பாகப் பட்டது. பையிலிருந்த டேப்பை வைத்துப் பார்த்தாள். அவளுடையதைவிட நாலு மில்லிமீட்டர் தடிமன் கூடுதல்.

உட்கார்ந்து அமுங்கின மெத்தையை அளந்து புதுசு வெட்டக் கூடாது. ஊருக்கெல்லாம் இதைச் சொல்கிறவள், மகள் அவசரப்படுத்தினாள் என்று, ரோபோ மாதக்கணக்கில் நசுக்கிய வளையத்தை அப்படியே அளந்து தொலைத்திருக்கிறாள்! எட்டுக் குழுவும் அந்த அளவுக்கே இடுக்கியை இறுக்கி வைத்திருக்கின்றன. புது வளையம் அதற்குள் நுழையவே நுழையாது.

ஆட்டம் தொடங்க அரைமணி நேரம். ஓடிப்போய் மகளிடம் சொன்னாள்.  மகள் உடனே குனிந்து இடுக்கியின் ஸ்க்ரூவைத் தளர்த்தினாள்.

“அம்மா, மத்தவங்ககிட்ட மூச்சு விடாதே. நாங்கதான் ஜெயிக்கப் போறோம்.”

“அவங்களும் என்கிட்டதானே வாங்கினாங்க?”

“ப்ளீஸ்மா. உன் பேரும் கெட்டுப் போயிடும்.”

பேர் கெட்டால் கெட்டுப் போகட்டும். மூன்று மாதமாக இதே கதியாகக் கிடந்த பெண் இவள். இவள் அழுதால் தாங்க முடியுமா? எதிர்ப்பக்கம் ஏழு குழுக்களும் ஒன்றும் அறியாமல் சிரித்துக்கொண்டிருந்தன. நேரே நடந்துபோய் அறிவிப்பாளரிடம் மைக்கை வாங்கினாள்.

“என் வளையத்த வெச்சுப் பழகின பிள்ளைங்களா, அளவு தப்பு. தப்பு என்னோடதுதான். இடுக்கிய நாலு மில்லி அகலமாக்குங்க, சீக்கிரம்!”

 உடனே ஸ்க்ரூடிரைவரைத் தேடி அரங்கமே ஒரே அமளி. ஒரு வாத்தியார் வந்து கண்டபடி திட்டினார். அத்தனையையும் நின்று வாங்கிக்கொண்டாள்.

இறுதிச் சுற்றில் மகளின் குழு ஒரே ஒரு வளையத்தில் தோற்றது. ஜெயித்த குழுவும் அவளிடம் வளையம் வாங்கியதுதான்.

மகள் வெளியே வந்து அவளெதிரில் நின்றாள். “நீ சொல்லாம இருந்திருந்தா நாங்க ஜெயிச்சிருப்போம்.”

“ஆமா கண்ணு,” என்றாள்.  இருவரும் வாசலிலேயே நின்று அழுதார்கள்.