ஒன்பதுகளை அழித்த அண்ணி

“அஞ்சு ஒன்பது போட்டாச்சும்மா. அப்பவும் மெனு மேல வரமாட்டேங்குது,” என்றார் அலைபேசியில் அண்ணியின் மேலாளர்.

“ஆறாவது ஒன்பது போடலாம்னு இருக்கீங்களா சார்?”

“பக்கத்து சீட்டுக்காரர் இப்ப அதைத்தான் போடறார்.”

“ஐயோ, ஏலம் விடாதீங்க சார். யாரும் கைவைக்க வேணாம், நான் பாக்கறேன்.”

“சாயங்காலத்துக்குள்ள முடியணும். இல்லேன்னா ஆஸ்பத்திரிக்காரங்க வேற ஆள் பாத்துக்குவாங்க. உங்க வேலையை நிரந்தரம் பண்றதும் என் கையில இருக்காது.”

“முடிச்சுடறேன் சார்.”

சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்து ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட அண்ணி, பல வருடங்கள் கழித்துச் சேர்ந்த இணையதள நிறுவனம் அது. இன்னும் சோதனைக் காலம் முடியவில்லை. மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் மெனுவைத் திறந்தால், அதன் கீழ்ப்பாதி மருத்துவர்களின் படத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தது. நேரம் பதிவு செய்யும் பொத்தானும் அங்கேதான் இருந்தது.

ஒன்றன்மேல் ஒன்று விழும் பகுதிகளில் எது மேலே தெரிய வேண்டும் என்பதை இசட்-இண்டெக்ஸ் என்ற எண்ணால் சொல்கிறார்கள்; எண் பெரிதானால் மேலே வரும். அந்த அலுவலகத்தில் எது மறைந்தாலும் ஒன்பது மேல் ஒன்பது போட்டு எண்ணை ஏற்றுவதே வழக்கம்.

அண்ணி முதலில் மெனுவைத் தொடவே இல்லை. அது எதற்குள் இருக்கிறது என்று தேடினார். பக்கத்தின் உச்சியில் அது இருந்த தலைப்பட்டையின் எண் ஒன்று. படத்தின் எண் இரண்டு.

“இவ்வளவு பெரிய எண் ரெண்டுகிட்ட தோத்துப்போச்சா அண்ணி?”

“முதல் மாடியில இருக்கறவன் நாற்காலி மேல நாற்காலி போட்டு ஏறினா ரெண்டாம் மாடிக்கு மேல போயிடுவானா? கூரையில மண்டைதான் இடிக்கும். மாடியையே தூக்கி வைக்கணும்.”

தலைப்பட்டைக்கு மூன்று கொடுத்தார். ஒன்பதுகளை ஒவ்வொன்றாக அழித்தார். மெனு முழுதாகப் படத்தின் மேல் இறங்கி நின்றது.

“ஒரு மூணு போடறதுக்கா காலையிலிருந்து பட்டினி?” என்றாள் அம்மா.

“எங்க போடணும்னு தேட வேணாமா அத்தை?”

மாலையில் மேலாளர் அழைத்து, அடுத்த மாதத்திலிருந்து வேலை நிரந்தரம் என்றார். அண்ணி “சரிங்க சார்” என்று மட்டும் சொன்னார். நான்தான் அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி வீட்டில் யாரும் கேட்டதில்லை.

திரும்பி வந்தபோது அண்ணி மடிக்கணினியை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

“நீ தமிழ், இங்கிலீஷ் ரெண்டும் ஒழுங்கா படிச்சவ. அந்த மாடிக் கதையை ரெண்டுலயும் நாலு வரி எழுதிக் கொடேன், இந்த மூணுக்குப் பக்கத்துலயே குறிப்பா வச்சிடறேன். நாளைக்கு யாராவது வந்து மறுபடி ஒன்பது போட ஆரம்பிச்சிடப் போறாங்க.”